ஆன்லைனில் போன்சாய்: படத்தில் பார்த்த மரம்தான் வீட்டுக்கு வருமா?

மாலை நேரம். பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மாரிக்குப்பம் ரயிலுக்காக நிற்கிறீர்கள். கூட்டம் வழக்கம்போல. மொபைலைத் தள்ளிக்கொண்டே போகும்போது ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. வளைந்த தண்டு, குடை மாதிரி விரிந்த இலைகள், கீழே நீலப் பீங்கான் தட்டு. "15 வருஷ போன்சாய், 60% தள்ளுபடி, இன்னும் 2 மட்டுமே" என்கிறது. ரயில் வருவதற்குள் ஆர்டர் போட்டுவிடலாம்.

போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பங்காரப்பேட்டை வர எப்படியும் நேரம் இருக்கிறது.

நானும் இப்படி ஒன்று வாங்கியவன்தான். ஜூனிபர் மரம். ராபர்ட்சன்பேட்டை வீட்டுக்கு அட்டைப்பெட்டியில் வந்தது. பச்சைப்பசேல் என்று இருந்தது. மூன்றாம் நாளே ஐந்து நட்சத்திரம் போட்டேன், போட்டோவும் சேர்த்து. ஆறாவது வாரம் தொட்டால் ஊசி ஊசியாக உதிர்ந்தது. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்: வேர் செத்த பிறகும் ஜூனிபர் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும். என் கைக்கு வந்தபோதே அது போய்விட்டதா, நான்தான் கொன்றேனா, தெரியாது. ஆனால் நான் போட்ட ஐந்து நட்சத்திரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. போய் மாற்ற எனக்கே சோம்பல்.

இந்தச் சோம்பலில்தான் விஷயமே இருக்கிறது.

நட்சத்திரம் எந்த நாளில் போட்டது?

செல்போன் கவர் வாங்கினால் ஒரே நாளில் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். மரம் அப்படி இல்லை. அது பிழைக்குமா என்று தெரிய குறைந்தது இரண்டு மாதம் ஆகும். ஆனால் ரிவ்யூ எழுதச் சொல்லி வரும் மெசேஜ் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 பேர் ஒரே செடியை வாங்குகிறார்கள். முதல் வாரத்தில் 40 பேர் ரிவ்யூ போடுகிறார்கள். உடைந்து வந்த 4 பேர் ஒரு நட்சத்திரம், மீதி 36 பேர் ஐந்து நட்சத்திரம். சராசரி 4.6. இரண்டு மாதத்தில் அந்த நூறில் பாதி காய்ந்துபோனாலும் அந்த 4.6 அசையாது. காய்ந்துபோனவர்களில் பெரும்பாலோர் "நமக்குத்தான் கை ராசி இல்லை" என்று தொட்டியைக் காலி செய்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

எனவே சராசரியைப் பார்க்காதீர்கள். ரிவ்யூக்களில் "ஆறு மாதம் ஆகிறது", "இரண்டாவது கோடை", "புதுத் துளிர் விட்டது" என்று காலம் சொல்லும் வரிகளை மட்டும் தேடிப் படியுங்கள். அப்படி நாலு வரி கிடைத்தால்கூட நானூறு நட்சத்திரத்தைவிட உபயோகம். இன்னொரு சிக்கலும் உண்டு. பல தளங்களில் ஒரே பக்கத்தில் இருக்கும் வெவ்வேறு ரகங்களின் ரிவ்யூக்கள் ஒன்றாகச் சேர்த்துக் காட்டப்படும். நீங்கள் பார்ப்பது ஜூனிபர். படிப்பது யாரோ ஜேட் செடிக்கு எழுதிய பாராட்டு. ரிவ்யூவில் இருக்கும் போட்டோவையும் ரகத்தின் பெயரையும் சரிபாருங்கள்.

ஆன்லைன் ரிவ்யூ எப்படிச் சேகரிக்கப்பட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. ஆனால் அது விருப்பத்தின் பேரில் பின்பற்றப்படுவதாகத்தான் வந்தது. அதை நம்பிப் பணம் கட்ட முடியாது.

15 வருஷம் என்பதை யார் எண்ணினார்கள்?

முதலில் ஒரு தெளிவு. போன்சாய் என்பது ஒரு மர வகை இல்லை. ஜப்பானிய மொழியில் "போன்" என்றால் ஆழம் குறைந்த தட்டு, "சாய்" என்றால் நடப்பட்டது. சீனாவில் தொடங்கி ஜப்பானில் வளர்ந்த ஒரு வளர்ப்பு முறை. நம் ஊர் ஆல், அரசு, புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ எதையும் இப்படி வளர்க்கலாம். வேரையும் கிளையையும் வெட்டி, கம்பி சுற்றி, வருஷக்கணக்கில் உருவம் கொடுப்பதுதான் வேலை.

அப்படியென்றால் நீங்கள் காசு கொடுப்பது மரத்துக்கு இல்லை, யாரோ செலவழித்த வருஷங்களுக்கு. போட்டோவில் காட்டவே முடியாத ஒரே விஷயமும் அதுதான்.

"15 வருஷம்" என்று எழுதியிருந்தால் அதைச் சரிபார்க்க உங்களிடம் எந்த வழியும் இல்லை. தண்டை அறுத்து வளையம் எண்ண முடியாது. வெப்ப மண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதும் இல்லை. தண்டு தடிமனாக இருக்கிறதே என்பீர்கள். ஆல், அரசு, இச்சி போன்ற அத்தி இன மரங்களில் கை தடிமனுள்ள கிளையை வெட்டி நட்டாலும் வேர் பிடிக்கும். நம் ஊரில் போத்து நடுவது என்று சொல்வோமே, அதுதான். போன வருஷம் நட்ட போத்தை இந்த வருஷம் தட்டில் மாற்றிவிட்டு, வெட்டப்பட்ட கிளையின் வயசைச் சேர்த்துச் சொன்னால் அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் நீங்கள் நினைத்த 15 வருஷமும் இல்லை.

"ஜின்செங் ஃபைகஸ்" என்ற பெயரில் விற்கும் ரகத்தைப் பார்த்திருப்பீர்கள். கீழே உருளைக்கிழங்கு மாதிரி பருத்த கால்கள், மேலே சின்னக் குடுமி. அந்தப் பருமன் வயதால் வந்ததில்லை. வேரைப் பருக்கவிட்டு, பிறகு மண்ணுக்கு மேலே தூக்கி நட்டு, அதன் உச்சியில் சிறிய இலை ரகத்தை ஒட்டுக்கட்டியிருப்பார்கள். வீட்டுக்கு உகந்த, சாகாத செடி. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் "பழமையான மரம்" என்று விலை கொடுக்காதீர்கள். அடீனியமும் அப்படித்தான். அடி பெருத்த அழகான பூச்செடி. தட்டில் வைத்த ஒரே காரணத்துக்காக விலை இரண்டு மடங்கு ஆகக்கூடாது.

வயசை விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரிவதைக் கேளுங்கள். அடித்தண்டு அகலமாக ஆரம்பித்து மேலே போகப்போகச் சிறுக்கிறதா? மண்ணுக்கு மேலே வேர்கள் எல்லாப் பக்கமும் பரவியிருக்கின்றனவா, இல்லை கம்பம் நட்ட மாதிரி இருக்கிறதா? கம்பி சுற்றிய இடத்தில் பட்டை வெட்டுப்பட்டு வடு விழுந்திருக்கிறதா? இதெல்லாம் முன்பக்கம் எடுத்த ஒரு போட்டோவில் தெரியாது. விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இதே மரத்தை, இன்றைய தேதி எழுதிய சீட்டைப் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் ஒரு வீடியோ அனுப்ப முடியுமா?" நல்ல விற்பனையாளர் பத்து நிமிடத்தில் அனுப்புவார். "படம் மாதிரிக்கு மட்டுமே" என்று பதில் வந்தால், நீங்கள் வாங்கப்போவது அந்த மரம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

உயரம் எழுதியிருந்தால் தொட்டியோடு சேர்த்தா, தனியாகவா என்றும் கேளுங்கள். 12 இஞ்சில் 4 இஞ்ச் தொட்டி என்றால் சின்ன விஷயமில்லை.

"போன்சாய் விதை" என்று ஒன்று கிடையவே கிடையாது

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். போன்சாய் ஒரு இனம் இல்லை என்றால் போன்சாய் விதை எங்கிருந்து வரும்? பாக்கெட்டில் இருப்பது ஏதோ ஒரு சாதாரண மரத்தின் விதை. நீல இலை மேப்பிள், வானவில் மேப்பிள் என்று வரும் படங்கள் கம்ப்யூட்டரில் நிறம் மாற்றியவை.

விதை நிஜமாகவே இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். பத்து விதையில் பாதி முளைக்கிறது, முதல் கோடையில் பாதி பிழைக்கிறது என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ கன்று. அவற்றுக்கு உருவம் கொடுக்கத் தொடங்கவே மூன்று முதல் ஐந்து வருஷம் ஆகும். அதே காசுக்குப் பக்கத்து நர்சரியில் மூன்று வருஷ காகிதப்பூச் செடி கிடைக்கும்.

வெளிநாட்டு விதை, செடி என்றால் சட்டமும் குறுக்கே வரும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 2020-இல் பல நாடுகளில் யாரும் ஆர்டர் செய்யாத விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தது நினைவிருக்கலாம். அந்த ஆகஸ்ட்டில் நம் மத்திய வேளாண் அமைச்சகமும் மாநிலங்களை எச்சரித்தது. காரணம், உள்ளே வருவது விதை மட்டுமாக இருக்காது. நோயும் பூச்சியும் களையும் சேர்ந்து வரலாம்.

நம்ம ஊருக்கு எந்த மரம்?

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாலையில் குளிர்ந்துவிடும். அதனால் "இங்கே எல்லாம் வளரும்" என்று ஒரு நம்பிக்கை. ஜப்பானிய மேப்பிளுக்கு வேண்டியது இந்தக் குளிர் இல்லை. இலை உதிர்த்து மாதக்கணக்கில் தூங்கும் அளவுக்கு உறைபனிக் குளிர் வேண்டும். நம் ஜனவரி அதற்குப் போதாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்கும், பிறகு மெலிந்து போகும். ஜூனிபர் பெங்களூரு பக்கம் வளர்கிறது, ஆனால் வெளியே, நல்ல வெயிலில் மட்டும். ஆபீஸ் டேபிளுக்கு என்று யாராவது ஜூனிபர் விற்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

குளிரைவிட இங்கே பெரிய கேள்வி தண்ணீர். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. குழாயில் எப்போது வரும் என்று எண்ணிக் காத்திருக்கும் ஊரில் போன்சாய் வளர்ப்பதா என்று அம்மா கேட்பார். அளவைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஐந்து சின்னத் தட்டு, ஒவ்வொன்றுக்கும் காலை மாலை கால் லிட்டர் என்றால் நாளைக்கு இரண்டரை லிட்டர். ஒரு பாத்திரம் கழுவும் தண்ணீர். பிரச்சனை அளவில் இல்லை, தவறாமல் ஊற்றுவதில் இருக்கிறது. இரண்டு இஞ்ச் ஆழத் தட்டில் ஏப்ரல் வெயிலுக்கு மண் ஒரே பகலில் காய்ந்துவிடும். விடியற்காலை ரயிலுக்குப் போய் ராத்திரி திரும்பும் ஆள் என்றால், நடுவில் ஊற்ற வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்பதை விலையைப் பார்ப்பதற்கு முன்னால் யோசியுங்கள்.

போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். சில மாதத்தில் தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் படியும். இலை நுனி கருகும். அதைவிட மோசம், வீட்டு ஆர்ஓ மெஷினில் இருந்து வெளியேறும் கழிவு நீர். வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறோம். வடிகட்டியதில் தங்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தென்னைக்கு ஊற்றினால் தாங்கும், ஒரு கைப்பிடி மண்ணில் இருக்கும் போன்சாய் தாங்காது. மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் இதற்கென்றே போதும். இல்லையென்றால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, கீழே துளை வழியாக ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள்.

இந்த இரண்டையும் தாங்கும் முதல் மரம் என்று கேட்டால், ஜேட். சிவந்த தண்டும் சின்ன இலையுமாக இருக்கும் தென்னாப்பிரிக்க ரகம், போர்ட்டுலகேரியா என்று விற்பார்கள். இலையிலேயே தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். இரண்டு நாள் மறந்தாலும் மன்னிக்கும். கூரியரில் வருவதையும் நன்றாகத் தாங்கும். ஆன்லைனில் வாங்க எனக்குத் தயக்கம் இல்லாத ஒரே செடி இதுதான். அடுத்து அத்தி இனங்கள், காகிதப்பூ.

பொருட்கள்: எதை வாங்கலாம், எதை வாங்கவே வேண்டாம்?

மரத்தைப் போல் இல்லாமல், கம்பியும் கத்தரியும் போட்டோவில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே வரும். அதனால் ஆன்லைனில் வாங்க இவைதான் சரியானவை என்பது என் கட்சி. ஆனால் இங்கேயும் "ஸ்டார்ட்டர் கிட்" என்ற பெயரில் வரும் பெட்டிகளைத் தள்ளுங்கள். ஏழு கருவி, அதில் ஐந்து முதல் மூன்று வருஷத்துக்குத் தேவைப்படாது. ஆரம்பத்துக்கு ஒரு கூர்மையான கத்தரி போதும். கையில் ஒரு மரம் நிலைத்த பிறகு, கிளையைக் குழிவாக வெட்டும் கட்டரை வாங்கிக்கொள்ளலாம். "ஜப்பான் தரம்" என்பதும் "ஜப்பானில் தயாரித்தது" என்பதும் ஒன்றில்லை. தயாரிப்பு நாடு என்ற வரி பக்கத்தின் அடியில் இருக்கும், அதைப் பாருங்கள்.

கம்பி: அலுமினியக் கம்பிதான் தொடக்கக்காரருக்கு. வளைக்கப்போகும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் பிடிக்கும். 1, 2, 3 மில்லிமீட்டர் என மூன்று சுருள் வாங்கினால் நெடுநாள் வரும். செலவே வேண்டாம் என்றால், பழைய வயரிங்கின் செம்புக் கம்பியை உரித்து, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் வளையும். எலக்ட்ரீஷியன் இல்லாத தெரு நம் ஊரில் ஏது?

தொட்டி: அடியில் துளை இருக்கிறதா என்று படம் கேளுங்கள். துளை இல்லாத "போன்சாய் பாட்" நிறைய விற்கிறது. அது வெறும் அலங்காரக் கிண்ணம்.

மண்ணில்தான் அதிகக் காசு வீணாகிறது. அகடாமா என்று ஜப்பானிலிருந்து வரும் களிமண் குருணையைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் விற்கிறார்கள். நல்ல பொருள், மறுக்கவில்லை. ஆனால் அது என்ன வேலை செய்கிறது? தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்து, மீதியை வடியவிட்டு, நடுவில் காற்றுக்கு இடம் விடுகிறது. சுட்ட செங்கல்லும் ஓடும் அதைத்தான் செய்யும். உங்கள் ரயில் தினமும் மாலூர் வழியாகப் போகிறது; ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் பேர்போன ஊர். உடைந்த ஓட்டை இடித்து, சல்லடையில் சலித்து, தூளைத் தள்ளிவிட்டு, மிளகு முதல் கொண்டைக்கடலை வரையான துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு. அத்தி இனத்துக்கு இது போதும். ஜேடுக்கு எருவைப் பாதியாகக் குறையுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இது கேஜிஎஃப்காரர்களுக்கு மட்டும். "மணல்தானே, மலை மாதிரி கிடக்கிறதே" என்று சயனைடு மேட்டிலிருந்து ஒரு பை அள்ளி வரத் தோன்றும். தோன்றியவர்களை எனக்குத் தெரியும். நூறாண்டுக்கு மேல் பாறையைத் தூளாக்கி, சயனைடு கலந்து தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு அது. சுமார் 1,003 ஏக்கரில் 13 மேடுகள். மாவு போல் நைசான அந்தத் தூள் தண்ணீர் பட்டால் இறுகி, வேருக்குக் காற்றே போகாது. வடிகாலுக்காகப் போடுவது வடிகாலையே அடைத்துவிடும். அதில் என்னென்ன ரசாயனம் மிச்சம் இருக்கிறது என்பது அடுத்த பிரச்சனை. வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

பெட்டி வந்தபிறகு

பெட்டியைத் திறக்கும் முன் மொபைலை யாரிடமாவது கொடுத்து, லேபிளில் இருந்து செடி வரை ஒரே வீடியோவாக, நிறுத்தாமல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எடுத்த போட்டோக்களை "நீங்கள் உடைத்தது" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.

நாலைந்து நாள் இருட்டில் கிடந்த அத்திச் செடி வந்த வாரத்திலேயே இலையைக் கொட்டும். பதறாதீர்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நிழலில், வெளிச்சம் படும் இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். உடனே தொட்டி மாற்றாதீர்கள், உரம் போடாதீர்கள், வெயிலில் தூக்கி வைக்காதீர்கள். என் ஜூனிபருக்கு இந்த மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்தேன்.

மண்ணின் மேல் கூழாங்கல் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். பயணத்தில் சிந்தாமல் இருக்கப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் மேலேயே வழிந்து ஓடிவிடும். நாம் ஊற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், வேர் காய்ந்துகொண்டிருக்கும். மெதுவாகப் பெயர்த்து எடுத்துவிடுங்கள்.

செத்த மரம் வந்தால் என்ன பண்ணலாம்?

"செடிகளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று பக்கத்தில் எழுதியிருக்கும். மனசு மாறியதால் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதற்கு அது சரி. ஆனால் 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக்கூடாது. 15 இஞ்ச் என்று காட்டி 6 இஞ்ச் அனுப்பினாலும் இதில் அடங்கும்.

தளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் தொடர்பும் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசும் ரோபோவிடம் மல்லுக்கட்டாமல் நேரே அந்த மெயிலுக்கு வீடியோவை அனுப்புங்கள். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கு மேலும் போகலாம். விற்பவர் புனேயில் இருந்தாலும் கொல்கத்தாவில் இருந்தாலும் நீங்கள் அங்கே ஓட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. கேஜிஎஃப் வீட்டு முகவரிக்குக் கோலார் மாவட்ட ஆணையம். ரூ.5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்ச் செடிக்கு யார் கேஸ் போடுவார்கள் என்றால், நியாயம்தான். ஆனால் "கோலார் ஆணையத்தில் மனு தயாராகிறது" என்று மெயிலில் ஒரு வரி எழுதக் காசு ஆகாது.

அந்த "இன்னும் 2 மட்டுமே" விஷயத்துக்கும் சட்டம் இருக்கிறது. இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மறுநாளும் அதே 2 இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இன்ஸ்டாகிராமில் பொழுதுபோக்காக எப்போதாவது ஒரு மரம் விற்கும் தனிநபரை இந்த மின்வணிக விதிகள் கட்டுப்படுத்தாது. நிஜமான பழைய மரங்கள் கிடைப்பதும் பெரும்பாலும் அவர்களிடம்தான், அதுதான் வேடிக்கை. இருபது வருஷம் வளர்த்தவர் இடமில்லாமல் இரண்டை விற்பார். அவரிடம் வாங்குவதாக இருந்தால் வீடியோ காலில் மரத்தைப் பாருங்கள், முடிந்தால் நேரில் போங்கள். பெயரில்லாத யுபிஐ எண்ணுக்கு முழுப் பணத்தை முன்கூட்டியே அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் முதல் வேலை, தாமதிக்காமல் 1930-க்கு போன்.

ஆர்டர் போடாமல் மரம் கிடைக்குமா?

கிடைக்கும், நீங்கள் தினமும் போய்வரும் ஊரிலேயே. மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோ பிடித்தால் லால்பாக் ஸ்டேஷன். உள்ளே போன்சாய்ப் பூங்கா இருக்கிறது. நர்சரி கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனையகமும் இருக்கிறது. ஜனவரியிலும் ஆகஸ்ட்டிலும் நடக்கும் மலர்க் கண்காட்சியில் போன்சாய் வளர்ப்பவர்களே நின்றுகொண்டிருப்பார்கள். வாங்காவிட்டாலும் ஒருமுறை நல்ல மரத்தை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்துவிடுங்கள். அதன்பிறகு மொபைலில் வரும் படங்களை நீங்கள் பார்க்கும் விதமே மாறிவிடும். ஒரே தொல்லை, மாலை ரயிலில் மடியில் தொட்டியோடு உட்கார இடம் கிடைக்க வேண்டும்.

இன்னொரு வழி, உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம். மாடிக் கைப்பிடிச் சுவரிலோ மழைநீர்க் குழாய் ஓரத்திலோ பறவை போட்ட ஆல், அரசு முளைத்திருக்கிறதா? மண்ணே இல்லாத விரிசலில் பல வருஷம் பட்டினி கிடந்து, தண்டு முறுக்கி, இலை சிறுத்து, இயற்கையே பாதி போன்சாய் ஆக்கி வைத்திருக்கும். எப்படியும் சுவரைப் பிளக்கும் என்று பிடுங்கி எறியப் போகிறீர்கள். மழைக்காலத்தில் வேரோடு மெதுவாக நெம்பி எடுத்து, இலைகளைக் கிள்ளிவிட்டு, ஓட்டுத்துண்டு நிரப்பிய ஆழமான சாதாரணத் தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். வேர் அரைகுறையாக வந்தாலும் இந்த இனம் பெரும்பாலும் பிழைக்கும். தட்டுக்கு அடுத்த வருஷம் மாற்றலாம்.

உங்கள் வீட்டுச் சுவரில் மட்டும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபின் பாழடைந்து நிற்கும் பிஜிஎம்எல் கட்டடங்களிலும் பழைய பங்களாக்களிலும் இதைவிட அழகான மரங்கள் சுவரைப் பிடித்துத் தொங்குகின்றன, பார்த்திருப்பீர்கள். அது மத்திய அரசு நிறுவனத்தின் சொத்து, அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. அதைவிட முக்கியம், பல இடங்களில் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அந்த வேர்தான்.